தேசியப் புள்ளிவிவரங்களை வரையக் கற்பிக்க: வரைபடத்தாளா, விரிதாளா, இணையப் படமா?

மக்கள்தொகை, எழுத்தறிவு, சராசரி ஆயுள், மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று ஒரு நாட்டைப் பற்றிய எண்களை மாணவர் கையில் கொடுக்கிறோம். அவர் அவற்றை வரைய வேண்டும், வரைந்ததைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். ஆனால் பாடத்தைத் திட்டமிடும் ஆசிரியர் இதற்கு முன்பே ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்: எதில் வரையச் சொல்வது? வரைபடத்தாளில் கையால் வரைந்தால் நேரம் போய்விடும். விரிதாளில் போட்டால் இரண்டு சொடுக்கில் படம் வந்துவிடும், மாணவருக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. இணையத்தில் தயாராக இருக்கும் அசையும் படங்கள் அழகானவை, ஆனால் அவற்றில் மாணவர் செய்வதற்கு வேலையே இல்லை. மூன்று குறையும் உண்மைதான். இருந்தும் மூன்றுக்கும் தனித்தனியே பொருத்தமான இடம் உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

வசதி, செலவு, நேரம் ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றுக்கு முன் பார்க்க வேண்டியது வேறொன்று. ஒரு வரைபடம் என்பது நாலைந்து முடிவுகளின் தொகுப்பு: எந்த வகைப் படம், அச்சு எங்கே தொடங்குவது, ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு, இல்லாத ஆண்டை என்ன செய்வது, மொத்த எண்ணை வரைவதா தலைக்கு எவ்வளவு என்று வகுத்து வரைவதா. கருவி எந்த முடிவைத் தானே எடுத்துக்கொள்கிறதோ, அந்த முடிவைப் பற்றி மாணவர் யோசிக்கப் போவதில்லை. ஆகவே முதல் அளவுகோல்: அன்றைய பாடத்தில் மாணவர் எடுக்க வேண்டிய முடிவை இந்தக் கருவி அவரிடமே விட்டுவைக்கிறதா?

மற்றவை இவை:

- தவறு நடந்தால் அது ஆசிரியர் கண்ணில் படுமா, மறைந்துகொள்ளுமா?
- 45 நிமிட வகுப்பில் வரைய எவ்வளவு, படித்துப் பேச எவ்வளவு?
- எத்தனை நாடுகள், எத்தனை ஆண்டுகள் வரை தாங்கும்?
- வகுப்புக்கு முன்னால் ஆசிரியருக்கு எவ்வளவு வேலை, பின்னால் திருத்த எவ்வளவு வேலை?
- மின்சாரமோ இணையமோ போனால் என்ன ஆகும்?

## ஒரே தரவை எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்போம்

ஒப்பிட ஒரு பொதுவான தரவு வேண்டும். இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. காரணம், அவை சீரான இடைவெளியில் இல்லை.

| கணக்கெடுப்பு ஆண்டு | மக்கள்தொகை (லட்சத்தில்) |
|---|---|
| 1946 | 66.57 |
| 1953 | 80.98 |
| 1963 | 105.82 |
| 1971 | 126.90 |
| 1981 | 148.47 |
| 2012 | 203.59 |

இடைவெளிகள் முறையே 7, 10, 8, 10, 31 ஆண்டுகள். நடுவில் 2001-இலும் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே அதை முழுமையாக எடுக்க முடிந்தது. அந்த எண்ணை முழு நாட்டுக்கான எண் போல வரையக் கூடாது என்பதால் அட்டவணையில் அது இல்லை. மாணவர் கையில் இது வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "1981-க்கும் 2012-க்கும் நடுவில் ஏன் எதுவும் இல்லை?"

## வழி 1: வரைபடத்தாள்

வழக்கமான வரைபடத்தாளில் ஏறத்தாழ 18 செ.மீ. அகலமும் 24 செ.மீ. உயரமும் கட்டங்கள் இருக்கும். தாளை நெடுக்காக வைத்துக்கொண்டால் மேலே உள்ள தரவு கச்சிதமாக உட்காரும். கிடை அச்சில் 1940 முதல் 2015 வரை, 1 செ.மீ. = 5 ஆண்டுகள்; மொத்தம் 15 செ.மீ. செங்குத்து அச்சில் பூஜ்யம் முதல் 220 லட்சம் வரை, 1 செ.மீ. = 10 லட்சம்; மொத்தம் 22 செ.மீ. சிறு கட்டக் கணக்கில் ஓராண்டுக்கு 2 மி.மீ., ஒரு லட்சத்துக்கு 1 மி.மீ. அதாவது 1953-ஆம் ஆண்டின் புள்ளி இடமிருந்து 26 மி.மீ., கீழிருந்து 81 மி.மீ. தொலைவில் விழும். 2012-இன் புள்ளி 144 மி.மீ., 204 மி.மீ.

இந்த அளவுத்திட்டத்தைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டால் வரைபடத்தாளைத் தேர்ந்தெடுத்ததே வீண். மாணவரே கண்டுபிடிக்கட்டும். "பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழி, இருக்கும் சென்டிமீட்டரால் வகு, வந்ததை 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகளில் அடுத்த பெரியதற்கு உயர்த்து" என்ற விதி போதும். ஒரு சென்டிமீட்டருக்கு 3 அல்லது 7 என்று வைத்தவர்கள் சிறு கட்டத்துக்கு 0.3, 0.7 என்று பிரித்துத் திண்டாடுவார்கள். ஒருமுறை திண்டாடட்டும், அடுத்த முறை செய்யமாட்டார்கள்.

வரைபடத்தாளில் வழக்கமாக வரும் தவறுகள் மூன்று. அவை தாளில் பச்சையாகத் தெரியும் என்பதே இந்த வழியின் பெரிய லாபம்.

முதலாவது, கொடுத்த ஆண்டுகளை அப்படியே வரிசையாக, கட்டத்துக்கு ஒன்றாக எழுதிவிடுவது: 1946, 1953, 1963... இதனால் 7 ஆண்டும் 31 ஆண்டும் ஒரே அகலம் பெற்றுவிடும்.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. செங்குத்து அச்சிலும் கொடுத்த எண்களையே ஏறுவரிசையில் சம இடைவெளியில் எழுதுவார்கள்: 66.57, 80.98, 105.82... அப்போது எந்தத் தரவாக இருந்தாலும், அது ஏறிக்கொண்டே போகும்வரை, பிசகில்லாத நேர்கோடு வரும். மாணவர் "சீராக வளர்கிறது" என்று எழுதுவார். அழகான நேர்கோட்டைப் பார்த்ததும் முழு மதிப்பெண் போடுவதற்கு முன், அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, புள்ளிகளை வளைந்த கோட்டால் அழகாக இணைப்பது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே உள்ள கோடு யாரும் எண்ணிப் பார்த்ததல்ல, நாமாக இட்டது. அளவுகோலால் நேராக இணைக்கச் சொல்வதும், 1981–2012 பகுதியை மட்டும் புள்ளிக்கோடாகப் போடச் சொல்வதும் நல்லது.

மறைந்திருக்கும் செலவு நேரம். பழக்கமில்லாத வகுப்பில் ஒரு வரைபடத்துக்கே ஒரு வகுப்பு முழுதும் போய்விடும், பொருள் சொல்வது மறுநாளைக்குத் தள்ளப்படும், மறுநாள் வேறு பாடம் வந்துவிடும். இதைத் தவிர்க்க அரைகுறைத் தாள் உதவும்: ஒரு நாள் கிடை அச்சை மட்டும் காலியாக விட்டு நகலெடுத்துக் கொடுங்கள், இன்னொரு நாள் செங்குத்து அச்சை. ஒரு தாளில் ஒரு முடிவு.

இரண்டாவது செலவு திருத்துவது. நாற்பது தாள்களை ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்ப்பது கொடுமை. சரியான வரைபடத்தை ஒளிபுகும் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மேலே வைத்துப் பார்த்தால் வேலை சுருங்கும். ஆனால் அதற்கு எல்லோருக்கும் ஒரே அளவுத்திட்டம் இருக்க வேண்டும். அளவுத்திட்டத்தை மாணவரிடம் விடும் நாளில் இந்தக் குறுக்குவழி கிடையாது. அன்று அளவுத்திட்டத்துக்கும் இரண்டு புள்ளிகளுக்கும் மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

எப்போது இது மேல்: மாணவர் முதன்முதலாக நாட்டு எண்களைத் தொடும்போது, புள்ளிகள் 12-க்குள், நாடுகள் இரண்டுக்குள் இருக்கும்போது, தேர்வில் கையால் வரைய வேண்டியிருக்கும்போது. ஒளிபுகும் தாளில் நால்வர் நான்கு நாடுகளை ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது எந்தத் திரையும் தராத ஒரு வசதி.

## வழி 2: விரிதாள்

அதே ஆறு வரிசைகளை எக்செலிலோ லிப்ரே ஆஃபிஸ் கால்க்கிலோ தட்டி, தேர்ந்தெடுத்து, 'லைன்' படம் கேளுங்கள். முதல் விபத்து உடனே நடக்கலாம்: ஆண்டு என்ற பத்தியையும் ஒரு தரவாக எண்ணி, 1946 முதல் 2012 வரை இன்னொரு கோடு மேலே படுத்திருக்கும். ஆண்டுப் பத்தியின் தலைப்புச் செல்லைக் காலியாக விட்டால் எக்செலில் பெரும்பாலும் இது சரியாகும். கால்க்கில் முதல் பத்தியைப் பெயர்களாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் பெட்டியைத் தேர்வுசெய்ய வேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகு வரும் படம்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது சரியானது போலவே இருக்கும். 'லைன்' வகை ஆண்டுகளை எண்ணாகப் பார்ப்பதில்லை, பெயராகப் பார்க்கிறது. ஆறு பெயர்களையும் சம இடைவெளியில் நிறுத்திவிடும். வரைபடத்தாளில் மாணவர் செய்த முதல் தவறை, இங்கே மென்பொருள் அச்சுப் பிசகாமல் செய்து தருகிறது. விளைவைப் பாருங்கள்: 1981-க்குப் பிறகான துண்டு மற்ற எல்லாவற்றையும்விடச் செங்குத்தாக ஏறும். "1981-க்குப் பிறகு மக்கள்தொகை வெடித்தது" என்று மாணவர் எழுதுவார். இப்போது கணக்குப் போடுங்கள்:

| காலம் | ஆண்டுக்குச் சராசரிக் கூடுதல் (லட்சம்) |
|---|---|
| 1946–1953 | 2.06 |
| 1953–1963 | 2.48 |
| 1963–1971 | 2.63 |
| 1971–1981 | 2.16 |
| 1981–2012 | 1.78 |

படத்தில் மிகச் செங்குத்தான துண்டு, உண்மையில் மிக மெதுவான வளர்ச்சி. தீர்வு: 'ஸ்கேட்டர்' (சிதறல் படம்) வகையில், நேர்கோட்டால் இணைத்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. அதில் கிடை அச்சு உண்மையான எண் அச்சு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது சரி, ஏன்?" என்று கேட்டால் அந்த ஒரு கேள்விக்கே அரை வகுப்பு போகும். போகட்டும்.

ஸ்கேட்டரிலும் ஒரு கண்ணி உண்டு. கிடை அச்சுக்கான பத்தியில் ஒரே ஒரு செல்லில் "1971*" என்று அடிக்குறிப்புக் குறி ஒட்டியிருந்தாலும் அந்தச் செல் எழுத்தாகிவிடும். உடனே எக்செல் எல்லா ஆண்டுகளையும் கைவிட்டு 1, 2, 3, 4 என்று போட்டுக்கொள்ளும். அச்சில் 1946-க்குப் பதில் 1 தெரிந்தால் எங்கோ ஒரு நட்சத்திரக் குறியோ வேண்டாத எழுத்தோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். எண்ணாக இருப்பவை செல்லின் வலப்பக்கமும் எழுத்தாக இருப்பவை இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். சீரமைப்பை யாரும் கைவைக்காதவரை கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

இல்லாத தரவும் இப்படித்தான். செல் காலியாக இருந்தால் கோட்டில் இடைவெளி விழும். அது நேர்மையான படம். ஆனால் உலக வங்கியின் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போது இல்லாத மதிப்புக்குச் செல்லில் ".." என்று இரண்டு முற்றுப்புள்ளிகள் வரும். அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு எக்செல் பூஜ்யத்தில் புள்ளி வைக்கும். ஒரு நாட்டின் சராசரி ஆயுள் ஓராண்டு மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழுவதை மாணவர் போர் என்றும் பஞ்சம் என்றும் விளக்க முற்படுவார்.

அச்சின் தொடக்கமும் மென்பொருளின் விருப்பம். மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண்ணின் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டியிருந்தால் எக்செல் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காது. ஜப்பானின் சராசரி ஆயுள், அதாவது ஆயுள் எதிர்பார்ப்பு, இந்த நூற்றாண்டில் 81-லிருந்து 84 வரை ஏறியதை அப்படியே வரைந்தால் மலையேற்றம் போலத் தெரியும். கோட்டுப் படத்தில் இது குற்றமல்ல, ஏனென்றால் அங்கே நாம் சரிவைப் படிக்கிறோம். பட்டைப் படத்தில் குற்றம். அங்கே நீளத்தைப் படிக்கிறோம், நீளத்தின் அடியை வெட்டினால் ஒப்பீடே பொய்யாகும். பட்டை என்றால் பூஜ்யம், இதில் விதிவிலக்கு வேண்டாம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு விரிதாளை ஏன் எடுக்க வேண்டும்? மேலே உள்ள இரண்டாவது அட்டவணைக்காக. கொடுத்த எண்ணிலிருந்து இன்னொரு எண்ணை உண்டாக்குவது, அதாவது வளர்ச்சி விகிதம், தலைக்கு எவ்வளவு, ஒரு ஆண்டை 100 என்று வைத்த குறியீடு, இவைதான் தேசியப் புள்ளிவிவரங்களைப் படிப்பதன் உயிர். இந்தியாவின் மக்கள்தொகை 1911-இல் 25.21 கோடி, 1921-இல் 25.13 கோடி. 1901 முதல் 2011 வரையான பன்னிரண்டு எண்களையும் வரைபடத்தாளில், 1 செ.மீ. = 10 கோடி என்று வைத்தால், இந்த இறக்கம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; பென்சில் முனையின் தடிமனுக்குள் காணாமல் போகும். விரிதாளில் பத்தாண்டு வளர்ச்சி சதவீதம் என்று ஒரு பத்தி சேர்த்துப் பட்டைகளாக வரைந்தால் 1911-க்கு 5.75, 1921-க்கு மைனஸ் 0.31, 1931-க்கு 11.00, 1941-க்கு 14.22 என்று வரும். 1921-இன் பட்டை ஒன்றுதான் கோட்டுக்குக் கீழே இறங்கும். 1918-இன் இன்ஃபுளுயன்சா பெருந்தொற்றைப் பற்றி அதன்பின் சொல்லித் தர வேண்டியதில்லை, "இது என்ன?" என்று வகுப்பே கேட்கும்.

மறைந்திருக்கும் செலவு, தரவைத் துப்புரவாக்குவது. உலக வங்கியின் சிஎஸ்வி கோப்பில் மேலே நாலு வரி கோப்பைப் பற்றிய குறிப்பு. தலைப்பு ஐந்தாவது வரியில். ஆண்டுகள் கீழ்நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் 1960-லிருந்து ஓடும். ஒட்டும்போது 'டிரான்ஸ்போஸ்' கொடுத்துத் திருப்ப வேண்டும். நாடுகளோடு "உலகம்", "யூரோ பகுதி", "அரபு உலகம்" போன்ற கூட்டுத்தொகைகளும் கலந்திருக்கும். மக்கள்தொகையை இறங்குவரிசையில் அடுக்கினால் முதல் வரிசைகளில் நாடே இருக்காது. இந்த வேலையை வகுப்பில் விட்டால் அன்றைய பாடம் தரவுச் சுத்திகரிப்பு ஆகிவிடும். ஆசிரியர் முன்கூட்டியே 15–20 நாடுகள், ஐந்தாறு ஆண்டுகள் என்று நறுக்கிவைத்த கோப்பைத் தர வேண்டும். தயாரிக்க முதல் தடவை ஒரு மாலைப்பொழுது போகும். கைபேசியில் விரிதாளைத் திறக்கலாம்தான், ஆனால் அச்சின் எல்லையையும் வகையையும் மாற்றுவது அந்தச் சிறிய திரையில் எரிச்சலூட்டும். இருவருக்கு ஒரு கணினியாவது வேண்டும்.

புள்ளிகளின் போக்கைக் காட்ட மென்பொருளே ஒரு கோட்டைப் பொருத்தித் தரும் போக்குக்கோடு என்ற வசதியை மட்டும் முதல் சில வகுப்புகளுக்கு மறைத்து வையுங்கள். ஆறு புள்ளிகளுக்கு ஐந்தாம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தினால் எல்லாப் புள்ளிகளையும் தொட்டுவிடும், அடுத்த ஐம்பது ஆண்டில் நாட்டையே காலிசெய்தாலும் செய்யும்.

எப்போது இது மேல்: பட்டை, கோடு, சிதறல் என்று கையால் ஒருமுறையாவது வரைந்துவிட்டவர்களுக்கு, எண்ணிலிருந்து எண்ணை வருவிக்க வேண்டியபோது, ஒரே தரவை நாலு விதமாகப் போட்டு எது பொருத்தம் என்று வாதிட வேண்டியபோது.

## வழி 3: இணையத்தில் தயாராக இருக்கும் அசையும் படங்கள்

'கேப்மைண்டர்', 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data) ஆகிய இரண்டு தளங்களும் வகுப்பறைகளில் அதிகம் புழங்குபவை, கட்டணம் கிடையாது. கேப்மைண்டரின் புகழ்பெற்ற குமிழிப் படத்தில் கிடை அச்சில் தலைக்கான வருமானம், செங்குத்து அச்சில் ஆயுள் எதிர்பார்ப்பு, குமிழியின் அளவு மக்கள்தொகை, நிறம் கண்டம். ஒரு படத்தில் நாலு மாறிகள், கூடவே காலம் ஓடுகிறது. வரைபடத்தாளில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

ஆனால் அந்தக் கிடை அச்சைக் கவனியுங்கள். 1000, 2000, 4000, 8000 என்று சம இடைவெளியில் இரட்டிப்பாகும் மடக்கை அளவு அது. சொல்லிக்கொடுக்காவிட்டால் மாணவர் அதைச் சாதாரண அச்சாகவே படிப்பார். 1000-லிருந்து 2000-க்குப் போனதும் 32,000-லிருந்து 64,000-க்குப் போனதும் அவருக்கு ஒரே தூரம். அச்சின் அமைப்பைச் சாதாரண அளவுக்கு மாற்றும் வசதி அங்கேயே இருக்கிறது. மாற்றினால் ஏழை நாடுகள் அனைத்தும் இடது ஓரத்தில் நசுங்கி நிற்கும். இரண்டு தடவை மாற்றி மாற்றிக் காட்டுங்கள், அதன்பின் மடக்கைக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

அடுத்தது 1800-லிருந்து ஓடும் அந்தக் காலக்கோடு. பிரிட்டனிலேயே முதல் நாடளாவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801-இல்தான் நடந்தது. அப்படியிருக்க, 1800-இல் எல்லா நாட்டுக்கும் வருமானமும் ஆயுளும் எங்கிருந்து வந்தன? பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் அவை. திரையில் அளந்த எண்ணும் மதிப்பிட்ட எண்ணும் ஒரே மாதிரிக் குமிழியாகத்தான் மிதக்கின்றன. உலக நிலப்படத்தில் நாடுகளுக்கு நிறம் தீட்டிக் காட்டும் படங்களுக்கும் இதேபோல ஒரு குறை: பரப்பளவில் பெரிய, மக்கள் குறைந்த நாடு கண்ணை நிறைக்கும், சிங்கப்பூர் தென்படவே செய்யாது.

பெரிய செலவு, மாணவரின் சும்மா இருத்தல். எல்லா முடிவையும் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். இதை உடைக்க ஒரு வழி: படத்தைக் காட்டுமுன் வெற்று அச்சுகளை மட்டும் தாளில் கொடுத்து, "ருவாண்டாவின் ஆயுள் எதிர்பார்ப்பு 1980-லிருந்து 2010 வரை எப்படிப் போயிருக்கும்? பென்சிலால் ஊகித்து வரை" என்று கேட்பது. பிறகு ஓடவிடுங்கள். 1994-இன் இனப்படுகொலையில் விழும் பள்ளமும், அதற்குப் பிந்தைய ஏற்றமும், ஊகித்து வரைந்தவர் மனதில்தான் பதியும்.

இன்னொரு செலவைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை: எண்கள் மாறிவிடும். ஐ.நா.வின் மக்கள்தொகை மதிப்பீடுகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கொருமுறை திருத்தி வெளியிடப்படுகின்றன. அப்போது பழைய ஆண்டுகளின் எண்களும் மாறும். சென்ற ஆண்டு தயாரித்த வினாத்தாளின் விடை இந்த ஆண்டுத் திரையோடு ஒத்துப்போகாது. பயன்படுத்தும் படத்தைத் தேதி குறித்துச் சேமித்துவையுங்கள். இணையம் படுத்துவிடும் நாளுக்கும் அதுவே கைகொடுக்கும்.

எப்போது இது மேல்: நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளை ஒருசேரப் பார்க்க வேண்டியபோது, பாடத்தின் தொடக்கத்தில் கேள்வியை எழுப்ப, புவியியல், பொருளியல் வகுப்பில் வரையும் திறனைவிட விவாதம் முக்கியமாக இருக்கும்போது.

## வழி 4: அச்சிட்ட படத்தைப் படிக்க மட்டும்

வரையவே வேண்டாம், செய்தித்தாளில் வந்த படத்தையோ ஆசிரியர் வேண்டுமென்றே கெடுத்து அச்சிட்ட படத்தையோ கொடுத்து ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்வது. இருப்பதிலேயே மலிவு, அதிகம் கண்டுகொள்ளப்படாதது. கறுப்பு வெள்ளை நகலில் நிறக்கோடுகள் ஒன்றாகிவிடும் என்பதால் தொடர்கோடு, புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு என்று வேறுபடுத்துங்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாத மாணவருக்கும் அது உதவும். இதை மட்டுமே செய்துகொண்டிருந்தால் எல்லாப் படமும் பொய் என்ற மனநிலை வந்துவிடும் என்பது ஒன்றே குறை.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | வரைபடத்தாள் | விரிதாள் | இணையப் படம் | அச்சிட்ட படம் |
|---|---|---|---|---|
| அளவுத்திட்டத்தை முடிவு செய்பவர் | மாணவர் | மென்பொருள். மாற்றலாம் | தளம். ஓரளவு மாற்றலாம் | முன்பே முடிந்தது |
| தவறு கண்ணில் படுமா | உடனே | பெரும்பாலும் மறையும் | தவறு செய்யவே இடமில்லை | கண்டுபிடிப்பதே வேலை |
| 45 நிமிடத்தில் பேச மிஞ்சுவது | 5–10 | 20–25 | 30–35 | 35–40 |
| தாங்கும் அளவு | 12 புள்ளி, 2 நாடு | 20 நாடு வசதியாக | எல்லா நாடும் | ஒரு படம் |
| முன்தயாரிப்பு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் |
| திருத்தும் வேலை | அதிகம் | நடுத்தரம் | எழுத்து விடை மட்டும் | எழுத்து விடை மட்டும் |
| மின்சாரம் போனால் | பாதிப்பில்லை | பாடம் நிற்கும் | பாடம் நிற்கும் | பாதிப்பில்லை |

நிமிடக் கணக்கு, தரவைத் தயார்செய்து வைத்திருக்கும் வகுப்புக்கானது. தயார்செய்யாமல் போனால் விரிதாள் பத்தியில் மிஞ்சுவது பூஜ்யம்.

## எந்தக் கருவியாலும் தீராத சிக்கல்

பொருள் சொல்வதில் வரும் பெரும்பிழைகள் படத்தில் இல்லை, எண்ணின் வரையறையில் இருக்கின்றன. இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் 1951-இல் 18.33, 1961-இல் 28.30, 1971-இல் 34.45, 1981-இல் 43.57 சதவீதம். ஒரே கோடாக இணைக்கத்தான் கை போகும். ஆனால் முதல் மூன்றும் 5 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை, 1981 முதல் 7 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. எழுதப் படிக்க வாய்ப்பே இல்லாத சின்னக் குழந்தைகள் கணக்கிலிருந்து விலகியதால் விகிதம் கொஞ்சம் தானாகவே ஏறியிருக்கும். 1971-க்கும் 1981-க்கும் நடுவே கோட்டை வெட்டி, குறிப்பு எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தாளில் இது இயல்பாக நடக்கும். விரிதாளில் இரண்டு தனிப் பத்திகளாகப் பிரித்தால்தான் கோடு வெட்டுப்படும். இணையப் படத்தில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

நைஜீரியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2014-இல் ஒரே நாளில் சுமார் 89 சதவீதம் உயர்ந்தது. யாரும் அன்று கூடுதலாக எதையும் உற்பத்தி செய்யவில்லை. கணக்குக்கு அடித்தளமாக வைத்துக்கொள்ளும் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றி, அதுவரை சரியாகக் கணக்கில் வராத கைபேசிச் சேவை, திரைப்படத் துறை போன்றவற்றைச் சேர்த்தார்கள். அயர்லாந்து 2015-க்கு 26 சதவீத வளர்ச்சி என்று அறிவித்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளைக் கணக்கில் அந்த நாட்டுக்கு மாற்றியதே முக்கியக் காரணம். இரண்டும் படத்தில் செங்குத்தான ஏற்றமாகத்தான் தெரியும்.

ஆயுள் எதிர்பார்ப்பு என்ற சொல்லே குழப்பும். அந்த ஆண்டில் பிறந்த குழந்தை அத்தனை ஆண்டு வாழும் என்று அது சொல்லவில்லை. அந்த ஆண்டின் வயதுவாரி இறப்பு விகிதங்கள் அப்படியே நீடித்தால் என்ன ஆகும் என்ற கணக்கு அது. ருவாண்டாவின் 1994 பள்ளத்தைப் படிக்க இது தெரிந்தே ஆக வேண்டும்.

## ஆறு வகுப்புகள்தான் இருக்கின்றன என்றால்

முதல் வகுப்பில் இணையப் படம், 15 நிமிடம் மட்டும், ஊகித்து வரையும் வேலையோடு. இரண்டாவது, மூன்றாவது வகுப்புகள் வரைபடத்தாளில் இலங்கைத் தரவு: ஒன்றில் அளவுத்திட்டமும் புள்ளிகளும், அடுத்ததில் இணைத்தலும் ஐந்து வாக்கிய விளக்கமும். நான்காவதில் அதே ஆறு எண்களை விரிதாளில் தட்டி, 'லைன்' படம் தங்கள் கைவரைபடத்தோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், அதாவது விரிதாளில் தொடங்கினால், ஒத்துப்பார்க்க மாணவர் கையில் எதுவுமே இருக்காது. ஐந்தாவது இந்தியத் தரவும் வளர்ச்சி சதவீதமும். ஆறாவது கெடுத்து அச்சிட்ட படங்கள்.

கணினி அறையே இல்லையென்றால் நான்காவது வகுப்புக்கு இரண்டு படங்களையும் அச்சிட்டுக் கொடுங்கள். ஐந்தாவதின் சதவீதங்களைக் கணிப்பான் போட்டுத் தரும். வகுப்பு இரண்டுதான் கிடைக்கும் என்றால் வரைபடத்தாளில் ஒன்று, அச்சிட்ட படத்தில் ஒன்று.

மதிப்பெண் போடும்போது விளக்க வாக்கியத்தில் நான்கைத் தேடுங்கள்: எண், அலகு, காலம், ஓர் எச்சரிக்கை. "மக்கள்தொகை அதிகரித்துள்ளது" என்பதற்கு ஒன்றும் கிடையாது. "1981–2012 காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1.78 லட்சம் கூடியது, முந்தைய பத்தாண்டின் 2.16 லட்சத்தைவிடக் குறைவு; ஆனால் நடுவில் முழுக் கணக்கெடுப்பு இல்லாததால் எந்த ஆண்டில் மெதுவானது என்று இதிலிருந்து சொல்ல முடியாது" என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண், அவருடைய கோடு கொஞ்சம் கோணலாக இருந்தாலும்.